கடல் பக்கத்துத் திரை

என் சித்திக்கு அலுவலகத்தில் இரண்டு பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் அக்கா. இரண்டாவது பெயர் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் அவளுக்கு ஒரு சுகம்.

அவள் வேலை பார்ப்பது ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில். துறைமுகத்துக்கு வரும் கப்பலுக்குத் தண்ணீர், காய்கறி, எண்ணெய், பல்வலிக்கு மருத்துவர், ஊருக்குப் போகிறவருக்கு விமான டிக்கெட் என்று கரையிலிருந்து எது வேண்டுமானாலும் ஏஜென்ட்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லாமே மெயிலில் நடக்கும். தட்டச்சு தெரியும் என்ற ஒரே தகுதியோடு உள்ளே வந்தாள். இன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டால் முதலாளி அவள் வீட்டுக்கே ஆள் அனுப்புகிறார். இத்தனைக்கும் சித்தி ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்தாலே அவளுக்கு வாந்தி வரும்.

ஜன்னல் என்பது அவள் வேலை செய்யும் விதம். வருகிற மெயில் ஒவ்வொன்றையும் கணினியில் தனித்தனி ஜன்னலாகத் திறந்து வைப்பாள். அந்த வேலை முடிகிற வரைக்கும் மூடமாட்டாள். "உள்ளே போட்டு வச்சா மறந்துபோகும். கண்ணு முன்னாடி நின்னாத்தான் உறுத்தும்" என்பாள். தண்ணீர் லாரிக்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்க ஜன்னல் ரெண்டு நாளா தொறந்தே கிடக்கு, காத்து அடிக்குது, வந்து மூடிட்டுப் போங்க" என்று அவள் சொல்வதைக் கேட்டவர்கள் வைத்த பெயர்தான் அது.

அவள் மேஜையில் இரண்டு திரைகள். வலப்பக்கத் திரை கரை, இடப்பக்கத் திரை கடல். துறைமுகத்துக்குள் வந்துவிட்ட கப்பல்களின் ஜன்னல்கள் வலப்பக்கம் இருக்கும். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறவையும், இன்னும் வந்துகொண்டிருப்பவையும் இடப்பக்கம். ஒரு கப்பல் உள்ளே வந்ததும் அதன் ஜன்னல்களை மவுஸால் பிடித்து இந்தப் பக்கம் இழுத்துப் போடுவாள். வேறு யாருக்கும் அந்த ஏற்பாடு புரியாது. புரிய வேண்டும் என்று அவளும் நினைத்ததில்லை.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய மாதம் அது. "காலில் சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியறவளை ஒரு நாற்காலியில உட்கார வை" என்று அம்மா தங்கையிடம் கெஞ்சியிருக்கிறாள். சித்தி முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். அதனால் அன்று காலை இஸ்திரி போட்ட சட்டையோடு சித்தியின் மேஜை அருகே உட்கார்ந்து, முதலாளி கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன்.

முதலாளிக்கு அன்று முக்கியமான விருந்தினர்கள். புதிய கப்பல் கம்பெனி ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கூட்ட அறையில் இருந்த திரை சமயம் பார்த்து உயிரை விட்டுவிட்டது. முதலாளியின் டிரைவர் வந்து சித்தியின் இடப்பக்கத் திரையைத் தூக்கினார். சித்தி அப்போது யாருடனோ போனில் காரசாரமாகப் பேசிக்கொண்டே ஒரு மெயிலை அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"மேடம், முதலாளி கேட்டாரு. அரை மணி நேரம்தான்."

சித்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அரை மணி நேரம்னா அரை மணி நேரம்" என்று மட்டும் சொன்னாள். அவர் வயரைத் திரையின் பக்கம் கழற்றித் தொங்கவிட்டுவிட்டுப் போனார்.

போனை வைத்துவிட்டு அடுத்த மெயிலைத் திறக்கப் போனவள் முகம் சுளித்தாள். எதைச் சொடுக்கினாலும் 'டங்' என்றது. மெயில் பட்டியல் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் கை வைத்தால் திறப்பதில்லை. இன்னொரு டங்.

"என்னடி இது, கோயில் மணி மாதிரி?"

"கொஞ்ச நேரம் விடு சித்தி, தானா சரியாகும்" என்றேன்.

அவள் தன் தேநீரை எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் அலமாரி மேலிருந்த வயர்லெஸ் பெட்டி கரகரத்தது. வெளியே நங்கூரத்தில் நிற்கும் ஒரு கப்பலின் கேப்டன்.

"ஏஜென்ட், ஏஜென்ட். மேடம், லாஞ்ச் எங்க? பையன் ரெடியா நிக்கிறான்."

"வரும் கேப்டன். காலையிலேயே எல்லாருக்கும் மெயில் போட்டாச்சு."

"ஒண்ணும் வரலையே. எண்ணெய் ஏத்துறது முடியப்போகுது. எண்ணெய்ப் படகு கழண்டதும் நான் நங்கூரம் எடுத்துடுவேன். அதுக்கு மேல நிக்க எனக்கு உத்தரவு இல்ல."

சித்தி தேநீரைக் கீழே வைத்தாள். என்ன விஷயம் என்று எனக்கு இரண்டு வரியில் சொன்னாள். இயந்திர அறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞனின் கண்ணில் இரும்புத் தூசு பாய்ந்திருக்கிறது. வேறொரு நாட்டிலிருந்து மெயிலில் ஆலோசனை சொல்லும் மருத்துவர், இன்றே கரையில் இறக்காவிட்டால் அந்தக் கண்ணின் பார்வை போய்விடும் என்று எழுதியிருக்கிறார். இந்தத் துறைமுகத்தை விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு வாரக்கணக்கில் வெறும் தண்ணீர்தான்.

லாஞ்ச் என்பது கரைக்கும் கப்பலுக்கும் ஆள் ஏற்றி இறக்கும் சிறிய விசைப்படகு. சித்தி லாஞ்ச்காரருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் ஏன் கிளம்பணும்? அனுமதி எங்க? சுகாதார ஆபீஸ் சீட்டு இல்லாம வெளிய போய் ஆளை ஏத்தினா என் லைசென்ஸைக் கிழிச்சுக் கையில குடுத்துடுவான்."

"அவங்களுக்குக் காலையிலேயே அனுப்பிட்டேன்பா."

"அப்ப அவங்களைக் கேளுங்க."

துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் அதிகாரி அம்மாள் மரியாதையாகவே பேசினாள். "உங்க மெயில் எதுவும் வரலைங்க. டாக்டர் கடிதம் பார்க்காம கடல்லேருந்து ஒருத்தரை இறக்க என்னால கையெழுத்துப் போட முடியாது. அனுப்புங்க, உடனே பார்க்கிறேன்."

சித்தி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போச்சேடி. நான் அனுப்பினேனே. என் கையால அழுத்தினேனே."

நான் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். திரையின் அடிப்பட்டையில் மெயில் படத்தின் மேல் மவுஸை வைத்தேன். திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் தபால்தலை அளவில் வரிசையாக எட்டிப் பார்த்தன. எழுத்தைப் படிக்க முடியாது. ஆனால் சித்தி தன் மெயில்களை வடிவத்தை வைத்தே அடையாளம் காண்பாள், பெற்றவள் பிள்ளையின் முதுகைப் பார்த்தே யார் என்று சொல்வதைப் போல. அவள் விரல் ஒன்றின் மேல் போய் நின்றது.

"இதுதான். இதுதான் அந்த மெயில். அனுப்பினா மறைஞ்சிருக்கணுமே? ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கு?"

அதைச் சொடுக்கினேன். டங். திரையில் எதுவும் வரவில்லை.

அப்போது எனக்கு விளங்கியது. திரை போய்விட்டது, ஆனால் அது போனது கணினிக்குத் தெரியவில்லை. மேஜைக்கடியில் குனிந்து பார்த்தேன். வயரின் நடுவே இருந்த சிறிய இணைப்புப் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதனால் அந்தப் பக்கம் இன்னும் திரை இருப்பதாகவே கணினி நம்பிக்கொண்டிருந்தது. கடல் பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் அந்த இல்லாத திரையில் ஒழுங்காகத் திறந்தே இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மெயில் நிரல் ஏதோ ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து ஏதோ கேட்டிருக்கிறது. பதில் சொல்லும்வரை வேறு எதையும் காதில் வாங்காது.

"அங்க ஒரு கேள்வி கேட்டுட்டு நிக்குது சித்தி. நாம பதில் சொல்லலை."

"என்ன கேள்வி?"

"அதான் தெரியல."

கணினி பழுது பார்ப்பவருக்குப் போன் போட்டோம். அவர் எங்கோ பேருந்தில் இருந்தார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்" என்றார்.

"போன தடவை அப்படித்தான் சொன்னீங்க. அப்புறம் அது 'பழுது பார்க்கிறேன், பழுது பார்க்கிறேன்'னு மதியம் வரைக்கும் உருட்டிக்கிட்டு இருந்துச்சு!"

"உங்க மெயில் பெட்டி யானை சைஸ் மேடம். பழசை அழிங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்."

"நல்ல நேரம் பார்த்தீங்க புத்தி சொல்ல" என்று வைத்துவிட்டாள்.

வயரைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். ஜன்னல்கள் தானாகவே இந்தப் பக்கம் வந்துவிழ வாய்ப்புண்டு. சித்தி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். ஒருமுறை தரை துடைக்கும் அம்மா தெரியாமல் அதை இழுத்துவிட, நிரல் அப்படியே செத்துப்போயிருக்கிறது. அதற்கும் அதே மதியம் வரையிலான பழுதுபார்ப்புதான். அந்த மருத்துவரின் கடிதம் கரையில் வேறு யாரிடமும் இல்லை; சித்தியின் மெயில் இந்தக் கணினியைத் தவிர வேறெதிலும் திறக்காது. அவர் ஊரில் இப்போது எல்லாரும் தூங்கும் நேரம். கப்பலிலிருந்து மெயில் போவது காலையிலும் மாலையிலும் மட்டும்.

"அப்ப பேசாம என்டர் தட்டிடலாம்" என்றேன். "ஏதோ ஒரு பதில்."

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நல்ல பிடி, வலித்தது.

"என்ன கேட்கறான்னு தெரியாம ஆமாம்னு தலையாட்டுவியா? 'இதை அழிக்கட்டுமா'ன்னு கேட்டிருந்தா?"

"அப்ப அந்தப் பெட்டியை விசைப்பலகையாலேயே இந்தப் பக்கம் நகர்த்திப் பார்க்கலாம். ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தணும்."

"இந்த ஆல்ட் கட்டை ரெண்டு தடவைக்கு ஒரு தடவைதான் பிடிக்கும். அது பிடிக்காம ஸ்பேஸ் மட்டும் விழுந்தா?"

அவள் சொன்னது சரி. ஸ்பேஸ் தனியாக விழுந்தால் அதுவும் ஆமாம்தான்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. "மேடம், எண்ணெய்க் குழாயைக் கழட்டிட்டாங்க."

சித்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "என்கூட வா" என்றாள்.

கூட்ட அறைக் கதவை அவள் தட்டவில்லை. உள்ளே முதலாளி எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் கடல் பக்கத் திரையில் வண்ண வண்ணமாக ஏதோ படங்கள் ஓடின. விருந்தினர் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், ஸ்கிரீனை எடுத்துக்கறேன்."

முதலாளி சிரித்தார். விருந்தினருக்கான சிரிப்பு அது. "அஞ்சு நிமிஷம்மா. முடிச்சுடறேன்."

"அஞ்சு நிமிஷத்துல அந்தப் பையன் கண்ணு போயிடும் சார்."

"எந்தப் பையன்? என்ன பேசறீங்க? வெளியே போய்…"

சித்தி மேஜையைச் சுற்றிக்கொண்டு போய்த் திரையின் பின்னால் கையை விட்டாள். முதலாளியின் படங்கள் அணைந்தன. அறை சட்டென்று இருட்டானது போலிருந்தது. முதலாளியின் காது மடல் சிவந்தது. வேலை கேட்க வந்தவள் நான், அந்தத் திரையின் அடிப்பாகத்தை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "நீ யாரு?" என்றார்.

"அப்புறம் சொல்றேன் சார்" என்றேன்.

திரையை மேஜையில் வைத்து வயரைச் செருகினோம். இருட்டாகவே இருந்தது. சித்தி மூச்சை நிறுத்திக்கொண்டாள். பின்பு ஒரு மினுக்கல், கடல் எழுந்து வந்தது. பத்துப் பதினைந்து ஜன்னல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் மேலே நடுவில் ஒரு சிறு சாம்பல் பெட்டி. 'கடிதம் இணைத்துள்ளேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எதுவும் இணைக்கப்படவில்லை. அப்படியே அனுப்பட்டுமா?' அனுப்பு என்ற பொத்தான் நீலமாக, தயாராக இருந்தது.

சித்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போனில் சண்டை போட்டுக்கொண்டே அனுப்பு என்று அழுத்தியிருக்கிறாள். கடிதத்தை இணைக்க மறந்திருக்கிறாள். கணினி கேட்டிருக்கிறது. அதே நேரத்தில் டிரைவர் அந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"அது ஒழுங்காத்தான் கேட்டிருக்கு, பாவம்" என்றாள். 'வேண்டாம்' என்பதைச் சொடுக்கினாள்.

அதன் பிறகு அவள் கை தடுமாறவே இல்லை. மருத்துவரின் ஜன்னல் மேல் மூலையில் இருந்தது. கடிதத்தைப் பிடித்து இழுத்து மெயிலில் போட்டாள். அனுப்பினாள். இந்த முறை அது போய் மறைவதைப் பார்த்த பிறகுதான் போனை எடுத்தாள்.

"வந்துடுச்சுங்க" என்றாள் அதிகாரி அம்மாள். "லைன்லேயே இருங்க, படிச்சிடறேன்." சித்தி நகத்தைக் கடித்தாள். "சரி. சீட்டு லாஞ்சுக்கும் உங்களுக்கும் வரும்."

லாஞ்ச்காரர் கிளம்பிவிட்டதாகச் சொன்ன அதே நேரத்தில் கேப்டனும் பேசினார். நங்கூரம் மேலே வந்துவிட்டது, கப்பல் நகர ஆரம்பித்துவிட்டது.

"கேப்டன், லாஞ்ச் கிளம்பியாச்சு."

"மேடம், நான் நிறுத்த முடியாது. பின்னாடி இன்னொரு கப்பல் வந்துட்டிருக்கு."

"நிறுத்த வேணாம். மெதுவாப் போங்க. காத்து படாத பக்கம் கயிற்று ஏணியைப் போடுங்க. கப்பலுக்கு வழிகாட்டற பைலட் ஓடற கப்பல்லயே ஏறி இறங்கறாரில்ல, அதே மாதிரி."

"பைலட்டுக்கு ரெண்டு கண்ணும் கட்டாம இருக்கும் மேடம்."

சித்தி வயர்லெஸ் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். "ரெண்டு கண்ணையுமா கட்டியிருக்கீங்க?"

"டாக்டர் அப்படித்தான் சொன்னார். ஒண்ணு அசைஞ்சா இன்னொண்ணும் அசையுமாம்."

"நல்ல கண்ணு மேல இருக்கற கட்டை அவிழ்த்துடுங்க. இடுப்புல கயிறு கட்டி மேலேருந்து பிடிங்க. அவனுக்கு முன்னாடி ஒருத்தர், கீழே இறங்கிக்கிட்டே அவன் காலைப் பிடிச்சு ஒவ்வொரு படியா வைக்கட்டும்."

கேப்டன் யோசித்தார். "சரி. மெதுவாப் போறேன். லாஞ்ச் சீக்கிரம் வரணும். ஒரே ஒரு தடவைதான்."

அதற்குப் பிறகு எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. அந்த அறையிலிருந்து கடல் தெரியாது. எதிரே ஒரு டயர்க் கடையின் சுவர்தான் தெரியும். சித்தி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முதலாளி வாசலில் வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் திரும்பாமலே கையை உயர்த்தினாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அவருக்குப் பின்னால் விருந்தினரில் ஒருவர், நரைத்த மீசைக்காரர், உள்ளே வந்து வயர்லெஸ் பெட்டிக்கு அருகில் நின்றார். ஒருகாலத்தில் கப்பல் ஓட்டியவராம்.

லாஞ்ச்காரரின் குரல் வந்தபோது அது இயந்திரச் சத்தத்தில் பாதி மூழ்கியிருந்தது.

"…பக்கத்துல போயிட்டேன். இறங்கறான். ஏய், மெதுவா! மெதுவாடா! காலை விடாதே…"

பிறகு வெறும் இரைச்சல். சித்தி அந்தப் பெட்டியோடு பேசினாள், பொத்தானை அழுத்தாமலே. "பிடிச்சுக்கோ சாமி. பிடிச்சுக்கோ."

"ஏத்தியாச்சு அக்கா! கழுதை, எட்டி உதைச்சுட்டான் என்னை. ஏத்தியாச்சு!"

மீசைக்காரர் மூச்சு விட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. சித்தி நாற்காலியில் உட்காரப் போய், நாற்காலி இல்லாமல் மேஜை விளிம்பில் உட்கார்ந்தாள். நாற்காலியில் நான் இருந்தேன். எழுந்திருக்கத் தோன்றவில்லை.

முதலாளி இப்போதுதான் பேசினார். விருந்தினர் முன்னால் என்பதால் தாழ்ந்த குரலில். "என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சார். அஞ்சு நிமிஷம்னீங்க."

மீசைக்காரர் திரும்பி ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல்.

மாலையில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. தூசை எடுத்துவிட்டார்கள். ஒரு சிறிய தழும்பு நிற்கும், பார்வை நிற்கும் என்றார் மருத்துவர். சித்தி இரண்டாவது முறையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பிறகு அந்தப் பையனையே பேசச் சொன்னாள்.

"எப்படிப்பா இருக்கே? வலி இருக்கா?"

"இல்லைங்க. நீங்கதான் ஏஜென்ட் மேடமா?"

"ஆமாம். வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லணும். போன் கப்பல்லயே போயிடுச்சு." கொஞ்சம் தயங்கினான். "பெட்டியும் போயிடுச்சு. அவசரத்துல எல்லாம் அங்கேயே. ஒரு ஷூ தண்ணியில விழுந்துடுச்சு. இன்னொண்ணு மட்டும் வச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஒத்தைச் செருப்பை வச்சுக்கிட்டு என்னடா பண்றே, தூக்கிப் போடு. உன் கால் என்ன அளவு?"

அவன் சொன்னான், சித்தப்பாவின் அளவுதான். சித்தி அந்தப் போனை என்னிடம் நீட்டி, "இவன் வீட்டு நம்பரை வாங்கு, அவங்க அம்மாவுக்கு நீயே பேசு, அழாம பேசு" என்று சொல்லிவிட்டு மற்றொன்றில் சித்தப்பாவைக் கூப்பிட்டாள். கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் கடையில் இருந்தார் அவர். தையல் இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"ஏங்க, உங்க சட்டையில ரெண்டு, லுங்கி ஒண்ணு, செருப்பு ஒரு ஜோடி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க… எனக்கு ஒண்ணும் இல்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்… புதுச் செருப்பா, பழசான்னு ஒரு கேள்வியா? புதுசுதான். என்ன, உங்களுக்குக் கஞ்சத்தனம் இப்பவா வரணும்?"